உன் பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்கவும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, ஒரு குடையையும் ஒரு நீலப் பையையும் எடுத்துக்கொண்டு போனாய். குடை உன்னுடையதுதான். பையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "போன் போட்டா ஆச்சு" என்கிறாள் உன் அக்கா. போனில் பேசியதைக் கோப்பில் வைக்க முடியாது.

மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போக விசா கேட்டிருந்தது உனக்குத் தெரியும். நேர்காணலில் தடுமாறக் கூடாது, வீட்டிலேயே பழக்குங்கள் என்று கன்சல்டன்சிப் பெண் சொன்னதால், சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நான் விசா அதிகாரியாக உட்கார்ந்தேன். அலுவலகத் தபால் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். வருகிற காகிதத்துக்கு எண் போட்டு, தேதி போட்டு, உரிய கோப்பில் வைக்காமல் ஒருநாளும் எழுந்ததில்லை. அதனால் விண்ணப்பம் எழுதி வாங்கி, முறையாகவே நடத்தினேன். "படிப்பு முடிஞ்சதும் திரும்பி வருவீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். "அப்பா அம்மா இங்கதானே சார் இருக்காங்க" என்றாள். இதெல்லாம் ஓர் ஆதாரமா? மறுத்துவிட்டேன். மறுநாளும் அதே பதில், மறுபடியும் மறுத்தேன். இப்படி ஆறு தடவை. ஆறு விண்ணப்பங்களும் 'மறுக்கப்பட்டவை' என்று எழுதிய மஞ்சள் கோப்பில் இருக்கின்றன. இதற்கிடையில் உன் அக்கா சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பினாள். எத்தனை நாள் தங்கல், பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு மறுக்கப்பட்டது.

உண்மையான நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். தூதரகக் காவலாளி என்னை எதிர்ச்சாரியில் நிற்கச் சொன்னார். அரை மணி நேரமாவது ஆகும் என்று பார்த்தால் நான்கே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். அந்த அதிகாரியும் அதே கேள்வியைக் கேட்டாராம், இவளும் அதே பதிலைச் சொன்னாளாம், "சந்தோஷம், நல்லா படிங்க" என்று அனுப்பிவிட்டாராம். ஒரு மறுகேள்வி கூட இல்லை. இவ்வளவு பொறுப்பில்லாமல் வேலை பார்க்கிறாரே என்று அவருடைய மேலதிகாரிக்கு எழுத உட்கார்ந்தேன். உன் அக்கா பேனாவை எடுத்து ஒளித்துவிட்டாள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கூரியரில் வரும் என்றார்கள். வரவில்லை. நேற்று கூரியர் அலுவலகத்துக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன். அங்கிருந்தவர் பதறாமல் ரசீதைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நம் வீட்டில் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்தும் இருக்கிறது. அது என் கையெழுத்தைப் போலவே இருந்தது. ஆனால் என் கையெழுத்து அப்படியொன்றும் சிக்கலானதல்ல, யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த நேரத்தில் உன் அக்காவும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தது நீயும் நானும்தான். நீ குளியலறையில் இருந்ததாக எனக்கு நினைவு. என் நினைவை மட்டும் நம்பி யாரையும் விடுவிக்க முடியாது.

கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியில்கூடத் தேடிவிட்டோம். அடுத்த வியாழக்கிழமை விமானம். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் இந்த வருஷப் படிப்பே போய்விடும். மகள் பாதி அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. "உங்க கோப்பையும் ஒரு தடவை பாருங்களேன்" என்றாள் உன் அக்கா. பொருள் தொலையாமல் இருப்பதற்குத்தான் கோப்பு என்று விளக்கினேன். ஆகவே பாக்கி இருப்பது உன் பை ஒன்றுதான். தயவுசெய்து கவிழ்த்துப் பார்த்துப் பதில் எழுதவும்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உன் மகனுக்கு என் ஆசிகள். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வருத்தப்படாதே. பக்கத்திலேயே இருப்பான்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்கிறாள் உன் அக்கா. ஆனால் வெளியே போகும் தபால் பதிவேட்டில் எண் போட்டாகிவிட்டது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் மஞ்சள் கோப்பைப் பிரித்திருக்கிறாள். ஆறு விண்ணப்பங்களுக்கு அடியில் கூரியர் உறை, உடைக்காமலே இருந்தது. மேலே எண்ணும் தேதியும் என் கையெழுத்தில். "தெரிஞ்சுதான் வச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். "எனக்கே தெரியலைம்மா" என்றேன். அது உண்மை. அவள் உறையை எடுத்துக்கொண்டு, கோப்பை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை அதிகாலையில் உன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. பெட்டிகள் இரண்டு. நான் முன்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பின்னால் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.