மணியண்ணை இனாமாகப் போட்ட பற்றறி

முப்பது வருடமாக ஒரு மனிதர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் இல்லாமல் ஆக்கியவள் நான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நல்லது செய்யப் போய்த்தான் செய்தேன். கெட்டது செய்யப் போகிறவர்கள் கொஞ்சமாவது யோசித்துச் செய்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இயங்கிய மென்பொருள் கொம்பனியில் வேலை. மொத்தம் ஒன்பது பேர். முதலாளி லார்ஸ் டென்மார்க்கில் இருந்தார். நாங்கள் அவரைத் திரையில் கழுத்து வரைக்கும்தான் கண்டிருந்தோம். அவர் ஒரு மாதம் எங்களோடு வந்திருந்து வேலை செய்யப் போகிறார் என்று மெயில் வந்த அன்று, இணுவிலில் எங்கள் வீட்டில்தான் அதிகப் பரபரப்பு. கனகு மாமியின் மகனும் டென்மார்க்கில்தான் இருக்கிறான், இவருக்குத் தெரியுமோ என்று கேட்டு வரும்படி அம்மா சொல்லிவிட்டார். (கேட்டேன். தெரியாதாம். அம்மாவுக்கு அன்றிலிருந்தே அவர்மேல் ஒரு சந்தேகம்.)

லார்சுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்களைச் சுற்றி இருத்திவைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். தன்னைச் சேர் என்று கூப்பிடக் கூடாது என்றார். ஓம் சேர் என்றோம். ஐந்து மணிக்குப் பிறகு வேலை செய்கிறவருக்கு வேலை தெரியாது என்பது அவருடைய கட்சி. ஐந்தடிக்க எழும்பிப் போய் லைற்றை நூர்த்துவிடுவார். நாங்கள் கீழே இறங்கித் தேத்தண்ணிக் கடையில் ஆறு மணி வரைக்கும் குந்தியிருப்போம். ஐந்தேகாலுக்கே ஸ்கூட்டியில் ஒழுங்கைக்குள் திரும்பினால் வேலையால் நிற்பாட்டிப் போட்டார்களோ என்று நாலு வீட்டுக்காரர் விசாரிப்பார்கள். இதை டென்மார்க்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அவருக்குப் பிடிபடாத இன்னொன்று எங்களுடைய 'ஓம்'. "உங்கள் ஊரில் ஒருவரும் முடியாது என்று சொல்வதில்லை. நாளைக்குத் தருவீர்களா என்றால் ஓம். நாளைக்கு வந்து கேட்டால் இல்லை. எங்கள் ஊரில் முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்வோம். அதுதான் மரியாதை" என்றார். ஒன்பது பேரும் ஒரேயடியாகத் தலையாட்டினோம்.

தொழில்நுட்பத்தை விற்றுப் பிழைக்கிற மனிதருக்குப் புதுத் தொழில்நுட்பத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. இப்போது வருகிற எதுவும் முடிந்த பொருள் இல்லையாம். வாங்கிய போனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முதலே அப்டேட் கேட்கிறதாம். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு விளையாட்டு தீப்பெட்டி அளவுக் கசெற்றுக்குள் அடங்கி வந்ததாம். பிழை இருந்தால்கூட அந்தப் பிழையோடு அது முடிந்த பொருள். இதைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கையில் பிடித்து விளையாடுகிற பழைய கேம்.

எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த வருடம், நான் இரண்டாம் வகுப்பு. கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ரீவி கேம் கொண்டுவந்தார். ஒழுங்கைப் பிள்ளைகள் இருபது பேர் எங்கள் வீட்டு விறாந்தையில். ஆளுக்கு ஒரு உயிர், செத்தால் எழும்பிப் பின்னுக்குப் போய்விட வேண்டும். என் முறை வருகிறபோதெல்லாம் கறண்ட் நின்றுவிடும். அந்த ஒரு மாதத்தில் நான் மொத்தமாக விளையாடியது பத்து நிமிடம் இருக்காது. ஆனாலும் அதைப்போல ஒரு சந்தோசம் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

லார்சின் விளையாட்டு எளிமையானது. ஒரு சின்னப் படகு. பாறையில் மோதாமல் மீன் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மோதினால் முடிந்தது. பிறகு முதல் ஐந்து பேரின் பெயரும் புள்ளியும் வரும். இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் லார்ஸ், லார்ஸ், லார்ஸ், லார்ஸ். முதலாவது இடத்தில் இங்கா, 48,360.

இங்கா அவருடைய அம்மா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். பத்து வயது லார்ஸ் காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்தில் இருந்து பொழுதுபோகாமல் ஒரேயொரு தடவை அதை எடுத்து விளையாடி அந்தப் புள்ளியை எடுத்திருக்கிறார். பிறகு அதைத் தொடவேயில்லையாம். மகன் முப்பது வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறார். "இரண்டு வருடத்துக்கு முன்னர் அம்மா இறந்துவிட்டா. இப்போது நான் கொஞ்சம் மெதுவாகத்தான் விளையாடுகிறேன். அவவை முந்திவிட்டால் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது" என்றார். கசெற்றுக்குள் சல்லிக்காசு அளவில் ஒரு பற்றறி இருக்கிறதாம். அந்தப் புள்ளியெல்லாம் அதன் தயவில்தான் இருக்கிறதாம். அதைக் கழற்றினால் எல்லாம் போய்விடுமாம்.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதன் இடது பக்கப் பொத்தான் இறுகிவிட்டது. திருத்தக்கூடிய ஆள் யாராவது இருக்கிறார்களா, இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள் என்று லார்ஸ் கேட்டார். தனக்குத் தெரியாது என்று பக்கத்து மேசை நிரோசன் சொன்னான். (அந்த மாதம் அணித் தலைவர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அவனுக்கும் எனக்கும்தான் போட்டி. அதனால் அவன் வாயை மூட முன்னமே நான் ஓம் என்றுவிட்டேன்.) பொத்தான் மட்டும், கசெற்றைத் திறக்கவே கூடாது என்று லார்ஸ் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் ஓம்.

புத்தூரில் மணியண்ணை இருந்தார். ரேடியோ திருத்துகிறவர். கறண்டும் பற்றறியும் வராத யுத்தத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவைப் பாடவைத்த ஆள். அவரிடம் பொத்தானைச் சொன்னேன். கசெற்றைச் சொல்ல வாயெடுத்தேன், எடுத்த வாயை மூடிவிட்டேன். நான் பிறக்க முதல் ஈயம் உருக்கத் தொடங்கிய மனிதருக்கு, இதைத் திறவாதே அதைத் தொடாதே என்று நான் படிப்பிப்பதா? அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளுக்கு வேறை ஏதும் பழசு கிடந்தால் அதையும் பார்த்துவிடட்டோ என்று கேட்டார். நான் போனில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் அண்ணை" என்றேன்.

தேத்தண்ணி வந்தது, குடித்து முடித்தேன். பொத்தான் புதிதுபோல வேலை செய்தது. காசை எடுத்தபோது மணியண்ணையின் முகத்தில் ஒரு பெருமை. "பொத்தானுக்கு மட்டும் தாங்கோ தங்கச்சி. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளை ஒரு பற்றறி கிடந்தது, முப்பது வருசப் பழசு. அதின்ரை ஆணியைக் கழட்டுற திருப்பி என்னட்டை இல்லை, பேனையை உருக்கித்தான் ஒண்டு செய்தனான். புதுசு போட்டு விட்டிருக்கிறன். அதுக்குக் காசு வேண்டாம்."

பற்றறியை வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணியில் ஊறவைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் பாவித்த காலத்து மனிதர் அவர். அவருடைய அகராதியில் ஒருவருக்குப் புதுப் பற்றறி இனாமாகக் கொடுப்பதைவிடப் பெரிய தானம் இல்லை. நான் என்ன சொல்ல? கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஐந்து வரியிலும் கோடும் பூச்சியமும்.

அன்றைக்கு வெள்ளி. லார்ஸ் நெடுந்தீவுக்குப் போய்விட்டார், திங்கள் காலையில்தான் வருவார். உண்மையைச் சொல்லலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. 48,360 எடுத்து, இங்கா என்று எழுதி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சனிக்கிழமை முழுக்க விளையாடினேன். என் ஆகக் கூடிய புள்ளி 3,100. பெருவிரல் இரண்டும் வீங்கி, பின்னேரம் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.

முதலாளியின் புள்ளி அழிந்துபோனது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஞாயிறு காலையில் அம்மா குசினியிலிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னிடமிருந்து அதை வாங்கிப் பார்த்தார். முதல் தடவை 900. இரண்டாம் தடவை 7,000. பிறகு அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் பலகையில் அமர்ந்தவர் எழும்பவில்லை. நாற்பதாயிரத்தைத் தாண்டியபோது நான் அடுப்பை நூர்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நாற்பத்தெட்டாயிரம் வந்தது. போதும், பாறையில் மோதுங்கோ அம்மா என்று கெஞ்சினேன்.

"நல்லாப் போய்க்கொண்டிருக்கேக்கை ஆராவது கொண்டுபோய் மோதுவினமோ?" என்றார் அம்மா, கண்ணை எடுக்காமல்.

61,210இல்தான் மோதினார். அதுவும் வாசலில் மீன்காரர் கூப்பிட்டபடியால். பெயர் கேட்டது. நான் பறித்து இங்கா என்று அடித்தேன். புள்ளி கூடினால் என்ன, பெயர் சரிதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். (கீழே இருந்த லார்சின் நாலு வரியும் என் நினைவுக்கே வரவில்லை. பட்டப்படிப்பு முடித்தவள் நான். ஞாபகம் இருக்கட்டும்.)

திங்கள் காலை. லார்ஸ் பொத்தானை அழுத்திப் பார்த்து மிகவும் சந்தோசப்பட்டார். ஒரு ஆட்டம் ஆடினார். திரையைப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் அம்மா இறந்து இரண்டு வருடம்" என்றார் மெதுவாக. "யாழ்ப்பாணம் வந்து பதின்மூவாயிரம் கூட எடுத்திருக்கிறா."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று ஓம், மணியண்ணை, தேத்தண்ணி, பருப்பு, மீன்காரர். முடிந்த பிறகு அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: முடியாது என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் முந்தியும் எழும்பாதவர், காலை பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எனக்கு அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வீட்டில் அம்மாவிடம் யாருடைய பெயரை எழுதினேன் என்று சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துப்போன மனுசியின்ரை பேரிலை களவாப் புள்ளி போட்டனியோ என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா, நான் கதைக்கிறன் என்றார்.

அடுத்த நாள் ஐந்தேகாலுக்கு லார்ஸ் என் ஸ்கூட்டிக்குப் பின்னால் தன் வாடகைச் சைக்கிளில் வந்தார். (ஒழுங்கை முழுக்கப் படலையைத் திறந்துகொண்டு பார்த்தது.) அம்மா பால் தேத்தண்ணியும் வடையும் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் இருந்து தமிழில் நேரடியாகக் கதைத்தார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"தம்பி, என்ரை மகள் செய்தது பிழை. உங்கடை அம்மா எடுத்தது உங்கடை அம்மாவின்ரை. நான் எடுத்ததை அவவுக்குக் குடுத்தா அவவுக்குத்தான் அவமரியாதை. என்ரையை அழிச்சுப் போடுங்கோ."

லார்ஸ் கசெற்றைக் கழற்றி எடுத்தார். பிறகு ஒரு பேனை கேட்டார். கசெற்றின் முதுகில், தேய்ந்துபோயிருந்த தாளில், இங்கா 48,360 என்று கையால் எழுதினார். "நான் இவ்வளவு நாளும் பழைய தொழில்நுட்பம் நல்லது என்று சொல்லித் திரிந்தேன். இன்னும் கொஞ்சம் பழையதுக்குப் போயிருக்க வேண்டும். இதற்குப் பற்றறி வேண்டாம்" என்றார். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு திரையில் இருந்த 61,210ஐ அழித்துவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் முறைவைத்து விளையாடினார்கள். அம்மாவுக்கு 30,000, அவருக்கு 9,000. இனி முந்த வேண்டிய அம்மா இரண்டு பேர் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் எழும்பினார்.

அணித் தலைவர் பதவி நிரோசனுக்குப் போனது. நியாயம்தான். மணியண்ணைக்கு நாங்கள் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னை எங்கு கண்டாலும் வெள்ளைக்காரரின் பற்றறி எப்படி என்று கேட்பார். அருமையாக ஓடுகிறது அண்ணை என்பேன். அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து 'பற்றறி ஓம்' என்று ஒன்று உண்டு. நாளைக்கு வருகிறேன் என்று மதில் கட்டுகிற மேசன் சொன்னாலும், ஸ்கூட்டியைக் கழுவி வைக்கிறேன் என்று நான் சொன்னாலும், அம்மா விடமாட்டார். உது உண்மையான ஓமோ, பற்றறி ஓமோ என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. ஒன்றுவிட்ட சகோதரங்கள், கனடா மாமா, எல்லோருக்கும் அது பரவிவிட்டது. கலியாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது சொல்லிச் சிரிக்க, நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருமுறைதான் அது பகிடியாக இருக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பலகாரம் சாப்பிட்டு, நல்ல பதிலாகச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல வேலை. அப்பா என்னைக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதமோ பிள்ளை என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தேன். ஓம் அப்பா என்றேன்.

குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மா தண்ணியை நிற்பாட்டினார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உண்மையான ஓமோ, பற்றறி ஓமோ?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக, முகத்துக்கு நேரே, "இல்லை" என்றேன்.

அப்ப சரி என்றார் அப்பா. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் எடுத்தார்.