பத்தொன்பதாவது சொட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமிலம் எது, காரம் எது என்று நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் நிறங்காட்டிகளைப் பற்றி ஆறு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். என் கல்யாணத்தில் எனக்கு மூன்று முறை ஆரத்தி எடுத்தார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து சிவந்து நின்ற அந்தத் தண்ணீரைப் பார்த்து ஒரு தடவைகூட, "அட, இது நம்ம பாடமாச்சே" என்று எனக்குத் தோன்றியதில்லை. (தட்டில் எவ்வளவு போடுவது என்ற கவலையில் இருந்தேன்.)

கொரோனா வந்து கல்லூரியை மூடினார்கள். பாடத்தை வாயால் நடத்திவிடலாம். ஆய்வுக்கூடத்தை எப்படி நடத்துவது? துறைத் தலைவர் போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "வீட்ல கிடைக்கிறத வச்சு ஏதாவது பண்ணுங்க. செய்முறைக்கு மார்க் போட்டே ஆகணும்."

மண்ணூர்பேட்டையில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மஞ்சள் தூளும் வெற்றிலைச் சுண்ணாம்பும் மூளையில் உதித்தன. உலகத்திலேயே இதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்ற நினைப்பு வேறு. பக்கத்து அறையில் அலுவலக வேலையில் இருந்த என் மனைவி மீனாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி, "சரி, சுண்ணாம்ப மேஜைல கொட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

டைட்ரேஷன் என்பது பொறுமைக்கு வைக்கிற பரீட்சை. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் நிறம் சட்டென்று மாறும். அது எத்தனையாவது சொட்டு என்பதுதான் விடை. திரும்பச் செய்தாலும் அதே எண் வர வேண்டும். இரண்டு விடைகள் ஒத்துப்போனால் அதற்குக் 'கன்கார்டன்ட்' என்று பெயர். அதன் பிறகுதான் நோட்டில் எழுதலாம். எங்கள் ஏற்பாட்டில் அமிலம், எலுமிச்சைச் சாறும் மஞ்சள் தூளும் கலந்த தண்ணீர். காரம், சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர். சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான ப்யூரெட்டுக்குப் பதில் மருந்து பாட்டிலோடு வரும் ஃபில்லர்.

அன்று நாற்பத்திரண்டு மாணவர்கள் திரையில் காத்திருந்தார்கள். நான் வெள்ளை லேப் கோட் மாட்டிக்கொண்டு (வீட்டில்!), கம்பீரமாக எவர்சில்வர் டம்ளரில் சொட்டு விட ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு பையன், "சார், டம்ளர்தான் தெரியுது. உள்ள இன்னா நடக்குதுன்னே தெரில" என்றான். கண்ணாடி டம்ளருக்கு மாறினேன். முதல் தடவை முப்பத்தொன்றாவது சொட்டில் சிவந்தது. இரண்டாவது தடவை பதினான்கில். "பிழை என்பது அறிவியலின் ஓர் அங்கம்" என்று சமாளித்து வைத்தேன்.

பிறகு அவர்கள் செய்தார்கள். அதை நான் எப்படிச் சொல்வேன்! திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆவடியில் ஒரு சமையலறை, முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, எங்கோ ஒரு தையல் மெஷின் மேல் ஒரு டம்ளர். மஞ்சளாக இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ முறை பார்த்த நிறமாற்றம்தான். ஆனாலும் அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு மாணவியின் அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அறிவியலின் மீது என்ன ஒரு மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன்.

விடைகளைக் கேட்டேன். இருபத்தாறு, பதினொன்று, நாற்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நூம்பலிலிருந்து பவித்ரா என்ற மாணவி மட்டும், "பத்தொம்போது, பத்தொம்போது, பத்தொம்போது சார்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கே வராதது இவளுக்கு எப்படி வரும்?

"மூணு தடவையுமா? நோட்ல முதல்லயே எழுதி வச்சுகிட்டுப் படிக்கிறியாம்மா?"

"இல்ல சார். எண்ணினேன்."

நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேமரா அணைந்தது. ஏமாற்றுக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு கடைசி அறிவுரையைச் சொன்னேன்: "மிச்சமான எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல சேருங்க. சிங்க்ல கொட்டாதீங்க, சுண்ணாம்பு அடைச்சுக்கும். வாசலுக்கு வெளிய ஊத்துங்க."

மிச்ச மஞ்சளும் மிச்சச் சுண்ணாம்பும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகும். அதை வாசலில் ஊற்றினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இதை யோசிக்க வேதியியல் பட்டம் வேண்டியதில்லை. அதனால்தான் நான் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"சார், நான் பவித்ராவோட நைனா ஏழுமலை பேசறேன். இன்னா சார் சொல்லிக் குடுத்தீங்க பொண்ணுக்கு? ஊட்டாண்ட தகரம் எத்துகினு வந்துட்டாங்க சார்!"

அவர் மூச்சு வாங்கச் சொன்னதன் சுருக்கம் இது. வாசலில் ஆரத்தி கொட்டியிருப்பதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ ரகசியமாகக் கூட்டி வந்து, ஆரத்தி எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். வீட்டை அடைக்கத் தகரத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏழுமலை பால் வியாபாரி. கறந்த பால் இரண்டு கேனில் அப்படியே நிற்கிறது. தெருவில் ஒருவரும் வாங்கவில்லை. மாடுகள் இருப்பது ஊர்க்கோடியில் இருக்கும் கொட்டகையில்.

"பதினாலு நாள் உள்ள போட்டு அடச்சிட்டா மாட்டுக்கு யாரு சார் தீனி வெப்பா? வாயில்லா ஜீவன் சார்."

"வீடியோ கால் போடுங்க, நான் பேசறேன்" என்றேன். அதிகாரத் தோரணை இருக்கட்டும் என்று லேப் கோட்டையும் மாட்டிக்கொண்டேன்.

திரையில் அந்தத் தெரு தெரிந்தது. ஓரத்தில் சாய்த்து வைத்த தகரங்கள், முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நிற்கும் ஜனங்கள், கையில் நோட்டோடு ஒரு சுகாதாரப் பணியாளர் அம்மா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், மஞ்சளில் குர்குமின் என்றொரு நிறமி..." என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் நெட் சிக்கிக்கொண்டது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அங்கே போகவில்லை.

"சார் வாயத் தொறந்துகினே நின்னுட்டாரு" என்றார் ஏழுமலை.

அப்போது பவித்ரா போனை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். நேற்று கொட்டாமல் கொஞ்சம் எடுத்து வைத்திருந்த எலுமிச்சை மஞ்சள் தண்ணீரையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தாள்.

"அக்கா, இது ஆரத்தி இல்ல. காலேஜ் பரிசோதனை."

"ஏம்மா, ஆரத்தியும் மஞ்சள் சுண்ணாம்புதான, இதுவும் அதான. பரிசோதனைன்னு எத வச்சு நான் எழுதிக்கிறது?"

நியாயமான கேள்வி. (நான் பதில் சொல்லியிருந்தாலும் அங்கே கேட்டிருக்காது.)

"ரெண்டும் ஒன்னுதாங்க்கா" என்றாள் பவித்ரா. "ஆனா ஆரத்திக்கு யாராச்சும் சொட்டு எண்ணுவாங்களா?" நோட்டைத் திறந்து நீட்டினாள். "மூணு தடவையும் பத்தொம்போது. நம்பலைன்னா நீங்களே விட்டுப் பாருங்க. பதினெட்டுல செவக்காது."

கையுறை போட்ட கையில் அந்த அம்மா ஃபில்லரை வாங்கிக்கொண்டார். எனக்கு முப்பத்தொன்றும் பதினான்கும் வந்த பரிசோதனை இது. பதினாறில் சிவந்துவிட்டால் அவ்வளவுதான், தகரம்.

"ஒன்னு... ரெண்டு..."

எட்டாவது சொட்டுக்குள் தெருவே எண்ண ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்குப் பின்னால் இருந்தவர்களும் மாடியில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினேழில் சிவப்பாக ஓர் இழை ஓடிக் கரைந்தது. பதினெட்டு. பவித்ரா டம்ளரைச் சுழற்றினாள். மஞ்சள்தான். பத்தொன்பதாவது சொட்டு விழுந்தது. டம்ளர் முழுக்கச் சிவந்தது.

அந்த அம்மா டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இன்னொரு வாட்டி பண்ணலாமா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். செய்தார்கள். மறுபடியும் பத்தொன்பது. மாடியிலிருந்து ஒரு விசில் வந்தது.

வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தார், இல்லை. நோட்டில் என்னவோ எழுதினார். தகரம் வண்டியேறியது. பாலுக்கு முதலில் பாத்திரம் நீட்டியவர் புகார் கொடுத்த எதிர்வீட்டுக்காரர்தான். என் நெட் நடுவிலேயே திரும்ப வந்துவிட்டிருந்ததாம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் வாய் அப்படியேதான் திறந்திருந்தது.

அத்தனை வருடம் பாடம் நடத்தியும், ஒரு விடையை அந்த அளவுக்கு நம்பித் தெருவில் நிற்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு இருந்தது. எண்ணியவளுக்குத்தானே தெரியும்.

அடுத்த வகுப்பில், நாற்பத்திரண்டு பேரும் வந்த பிறகு, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "பவித்ரா, நீ எண்ணினத நான் நம்பல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடும்மா." கண் கலங்கிவிட்டது. திரையில் ஒரு முகமும் அசையவில்லை. அடுத்த அறையிலிருந்து மீனா கத்தினாள்: "மியூட்ல இருக்கீங்க!"

மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை இன்னும் கஷ்டமாக இருந்தது.

பவித்ரா கேமராவைப் போட்டாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "சார், மொதல்ல சொன்னது கேக்கல. இப்ப ஒரு ரீடிங்தான் கைல கீது. ரெண்டு ஒத்துப்போனாத்தான சார் எழுதிக்க முடியும்?"

அதே வார்த்தைகளை அதே மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். "கன்கார்டன்ட் சார்" என்றாள்.

இதையெல்லாம் மீனா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒற்றை ஸாரி செல்லாது; இரண்டு சொல்லி, இரண்டும் கன்கார்டன்ட் ஆக வேண்டும். போன வாரம் எங்கள் நான்கு வயது மகள் நான் திருத்தி வைத்திருந்த விடைத்தாள் மேல் சாம்பாரைக் கொட்டிவிட்டாள். எதிரில் வந்து நின்று, "ஸாரிப்பா" என்றாள். ஒரு கணம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அதே குரலில் மறுபடியும், "ஸாரிப்பா" என்றாள்.

பிறகு கவலையோடு கேட்டாள்: "கன்னுக்குட்டி ஆச்சாப்பா?"

"ஆச்சு" என்றேன்.