உரக்கடையில் ஒரு பிரசவம்

எலி மருந்து விற்கிறவன் உயிர்களிடம் கருணை காட்டியதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செஞ்சியில் திண்டிவனம் போகிற சாலையில் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம், விதை, பூச்சிமருந்து, இவற்றோடு எலியை எத்தனை விதமாகக் கொல்ல முடியுமோ அத்தனைக்கும் சரக்கு உண்டு. விவசாயிகள் என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். (அது ஒரு வியாதி. என் மனைவி செல்வி வைத்தியம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள்.)

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, தொண்டூர் ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் வாளியைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். நெல் போடுகிறவர், பழைய வாடிக்கையாளர். போன தடவை வாங்கிய எலிப்பொறி விழவே மாட்டேன் என்கிறது என்று குறை சொல்லி, "பொறி நல்ல பொறிதான், உங்களுக்கு வைக்கத் தெரியல" என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"அண்ணா, போர் மோட்டார் கொட்டாயாண்ட இது சுத்திக்கினு இருந்துச்சி. இம்மாம் பெரிய எலி நான் பாத்ததே இல்ல. வாலும் இல்ல. இதுக்கு இன்னா மருந்து வெக்கிறது?"

துண்டை விலக்கினேன். வெள்ளையும் பழுப்புமாக, காது மடங்கி, உடம்பெல்லாம் மண்ணோடு உட்கார்ந்திருந்தது ஒரு கினிப்பன்றி. யாரோ ஆசைக்கு வளர்த்து, அலுத்துப்போய் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு காதில் காக்காய் கொத்திய காயம். பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் விரலை நீட்டினேன். அது கடிக்கவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு என் விரல்மேல் தாடையை வைத்துக்கொண்டது. அந்த நிமிஷமே எனக்கு மனசு இளகிவிட்டது. இதற்கு மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லி வாளியோடு வாங்கிக்கொண்டேன்.

செல்வி அதற்கு மல்லி என்று பெயர் வைத்தாள். காய்கறிக் கூடையில் எதற்கும் மசியாமல் கொத்தமல்லிக்கு மட்டும் கீச்சென்று கத்தியதால் அந்தப் பெயர். பத்தே நாளில் மல்லியின் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்க ஆரம்பித்தது.

"இது முழுகாம இருக்குதுங்க" என்றாள் செல்வி.

"எலி இருபத்தோரு நாள்ல குட்டி போடும். இன்னும் பத்து நாள், எழுதி வெச்சிக்க."

"எதுக்கும் போன்ல ஒருதரம் பாத்துடுங்களேன்."

"இருபது வருஷமா எலியோட மல்லுக்கட்டறவனுக்குப் போன் பாடம் எடுக்குமா?"

இருபத்தோராம் நாள் வந்தது, போனது. மல்லி குட்டி போடவில்லை, இன்னும் கொஞ்சம் பெருத்தாள். உடனே நான் தீர்ப்பை மாற்றினேன். இது கர்ப்பம் இல்லை, வெறும் கொழுப்பு. தீனியைப் பாதியாகக் குறைத்தேன். (பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்ட பாவி என்று என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்வது உண்டு.) மூன்றே நாளில் அவள் சோர்ந்துபோய் ஓரமாக முடங்கிவிட்டாள். பயந்துபோய்க் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள ரெண்டு மூணு குட்டியாவது இருக்கு. நல்லா சாப்பாடு போடுங்க. தினம் நெல்லிக்காய் நறுக்கிக் குடுங்க. இனிமே இடத்தை மாத்திக்கிட்டு இருக்காதீங்க. இது எலி மாதிரி இல்ல சார், ரெண்டு மாசத்துக்கு மேல சுமக்கும். அப்புறம் குட்டி பொறந்த உடனே..."

"அதெல்லாம் தெரியும் மேடம், எங்க கடையே எலிக்கடைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் முடிக்காத அந்த வாக்கியத்துக்காக நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

நெல்லிக்காய் தின்று மல்லி தேறினாள். மூன்று வாரம் போனது. அமாவாசை நெருங்கியது. எங்களுக்கு மேல்மலையனூர் அங்காளம்மன்தான் குலதெய்வம். அந்த அமாவாசைக்கு வீட்டில் படையல் போடுவதாக வேண்டுதல். இரண்டு நாள் முன்னால் செல்வி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அன்னிக்குப் பாத்து இது பெத்துடுச்சின்னா வீடு தீட்டாயிடும்ங்க."

"எலிக்கு ஏதுடி தீட்டு?"

"மாடு கன்னு போட்டா மட்டும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பாலை சாமிக்கு எடுக்க மாட்டீங்களே? எதுக்கு வம்பு, ரெண்டு நாள் கடையில வெச்சிட்டு வாங்க."

டாக்டரம்மா இடத்தை மாற்றாதே என்றார். குலதெய்வம் பெரிதா, டாக்டர் பெரிதா? தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் வைக்கோல் பரப்பி, மல்லியை உள்ளே விட்டு, மேலே ஒரு பலகை போட்டு, கடையின் பின்பக்க கோடவுனில் வைத்தேன். கோடவுன் மூலைகளில் விஷம் கலந்த எலி கேக் ஏழு வைத்திருந்தேன். அது போக பசை தடவிய ஒட்டு அட்டை நாலு, கருவாடு மாட்டிய பொறி ஒன்று. எனக்குத் துளிக்கூடக் கவலை இல்லை. மல்லி பலகையைத் தள்ளிக்கொண்டு வர மாட்டாள். ஒருவேளை குட்டி போட்டாலும், எலிக்குட்டி மயிர் இல்லாமல், கண் திறக்காமல், பத்துப் பதினைந்து நாள் சுருண்டு கிடக்கும். எங்கே போய்விடப் போகிறது? குட்டிகளை மூட ஒரு பொட்டலம் பஞ்சுகூட வாங்கி வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து பின்னால் போனேன். மல்லியின் வயிறு வற்றியிருந்தது. வைக்கோல் நனைந்திருந்தது. குட்டி ஒன்றுகூட இல்லை.

கிரேட்டுக்குள் மல்லி அங்கும் இங்கும் ஓடி ஓடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தலையில் கை வைத்தபடி உட்கார்ந்தபோது, யூரியா மூட்டை ஓரமாக ஏதோ ஒன்று குடுகுடுவென்று ஓடியது. முழுசாக மயிர் முளைத்து, கண்ணை அகல விரித்து, மல்லியை அப்படியே சின்னதாக்கியது போல. பிறந்து சில மணி நேரமே ஆன குட்டி! டாக்டரம்மா சொல்ல வந்தது இதுதான். கினிப்பன்றிக் குட்டி பிறந்த உடனே ஓடும், பல்லும் இருக்கும், அன்றைக்கே கொறிக்கவும் ஆரம்பிக்கும். தக்காளி கிரேட்டின் ஓட்டைகள் அவற்றுக்கு வாசற்படி.

ஓடிய குட்டி நின்று ஒரு வைக்கோல் துணுக்கைக் கொறித்ததும் மூலைகளைத் திரும்பிப் பார்த்தேன். சுற்றிலும் நான் என் கையால் வைத்த விஷம்.

சரியாக அந்த நேரத்தில் ஏழுமலை யூரியாவுக்கு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன், சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "நீ மொதல்ல மருந்த பொறுக்குண்ணா, நான் குட்டிய புடிக்கிறேன்."

நாலு காலில் தவழ்ந்து எலி கேக்குகளைப் பொறுக்கினேன். ஆறுதான் இருந்தது. இன்னொரு தடவை தேடினேன். ஆறேதான். ஏழாவதைக் குட்டி எதுவோ இழுத்துப்போய்த் தின்றுவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் இன்னும் மூன்று பேர் விதை வாங்க வந்து நின்று, நான் மூக்கைச் சிந்துவதை வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணா, கொஞ்சம் திரும்பு" என்றார் ஏழுமலை.

திரும்பினேன். தவழும்போது ஒட்டு அட்டை ஒன்று என் வேட்டியின் பின்பக்கத்தில் ஒரு விளிம்பு ஒட்டித் தொங்கியது. அதன் நடுவில் ஏழாவது கேக், ஓரம்கூடக் கடிபடாமல். வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மானம் போனது. ஆனால் அத்தனை நிம்மதியோடு என் மானம் அதற்கு முன் ஒருநாளும் போனதில்லை.

குட்டிகளைத் துரத்துவதை விட்டுவிட்டு, மல்லியைக் கிரேட்டோடு நடுவில் வைத்து நாங்கள் அசையாமல் உட்கார்ந்தோம். அவள் கூப்பிட்டாள். மூட்டைச் சந்திலிருந்து ஒன்று வந்தது, பம்ப்செட் பெட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொன்று, மூன்றாவது நேராக ஏழுமலையின் காலை ஏறிக் கடந்து வந்தது. மூன்றும் உள்ளே போன பிறகும் மல்லி நிறுத்தவில்லை. அவளுக்குக் கணக்குத் தெரியும். இன்னும் ஒன்று இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தவர் ஏழுமலை. எலிப்பொறியின் உள்ளே, கருவாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாலிலும் சின்னது. பொறி விழவில்லை. ஏழுமலை கையை விட்டுக் குட்டியை எடுத்தார். அப்போதும் விழவில்லை. கருவாட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஊஹும்.

"எனக்குத்தான் வெக்கத் தெரியலன்னு சொன்னியே, இதை யாரு வெச்சது?" என்றார், நிதானமாக. வாசலில் இருந்த மூன்று பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அன்றைக்கே அவருக்கு வேறு பொறி கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். (இரண்டும் என் கடையில் அதுவரை நடக்காத விஷயங்கள்.)

போன் போட்டதும் செல்வி ஓடிவந்தாள். சின்னக் குட்டியைக் கையில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, "புள்ள பெக்கற நேரத்துல வூட்ட வுட்டு வெரட்டிட்டேனேங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து பேரையும் அப்போதே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"தீட்டு?" என்றேன்.

"அங்காளம்மாவும் தாய்தான். அவளாண்ட நான் பேசிக்கிறேன், நீங்க மொதல்ல வேட்டிய மாத்துங்க."

படையல் நடந்தது. சாமி எதுவும் சொல்லவில்லை. குட்டிகள் நாலும் பிழைத்துக் கொழுத்தன. வளர்ந்ததும் ஆண்கள் இரண்டும் ஏழுமலை வீட்டுக்குப் போயின. போர் கொட்டகைக்குப் பக்கத்தில் அவரே கூண்டு கட்டி, அருகம்புல் அறுத்துப் போட்டு வளர்க்கிறார். தெரியாததை டாக்டரம்மாவிடம் கேட்கிறார், என்னிடம் கேட்பதில்லை.

போன மாதம் என் அக்கா மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து செல்வியிடம் நீட்டினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, செல்வி என்னைப் பார்த்து, "ஏங்க, மொதல்ல கதவ சாத்துங்க, ஓடிடப் போவுது" என்றாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் இந்த வசனத்தை யாராவது சொல்லாமல் விடுவதில்லை. நர்ஸம்மாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தேன்.