கட்டி இல்லாத பன்னிரண்டு தலையணைகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. நான் நலம், வீட்டில் எல்லோரும் நலம், தையல் மெஷினும் நலம். நீயும் அப்படியே என்று எழுத வந்த கை நின்றுவிட்டது; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். செல்போன் இருக்க இவன் ஏன் காகிதத்தில் கிறுக்குகிறான் என்று சிரிப்பாய். வாயால் சொல்லக் கூச்சம் அக்கா. எழுதும்போதே காது சூடாகிறது.

முப்பது வருடமாக மெத்தை தைக்கிறேன், என் மெத்தையில் கட்டி தட்டுப்பட்டதாக ஒருத்தர் சொன்னதில்லை. போன வாரம் என் மகள், அதான் நம்ம நர்ஸம்மா, ஒரு மூட்டையோடு கடைக்கு வந்தாள். "அப்பா, சின்னத் தலையணை பன்னிரண்டு இருக்கு. ஓரத்தை மட்டும் தைச்சுக் குடுங்க, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பு." என்ன வகுப்பு என்றேன். "உடம்பைப் பத்திப்பா" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டாள். எடுத்து அமுக்கிப் பார்க்கிறேன், ஐயோ, ஒன்று விடாமல் கட்டி! ஒன்றில் பட்டாணி, ஒன்றில் கோலிக்குண்டு, ஒன்றில் சட்டைப் பொத்தான். மெத்தைக்காரன் மகள் இப்படியா பஞ்சடைப்பாள் என்று எனக்கு மானமே போயிற்று. பன்னிரண்டையும் பிரித்து, பொறுக்கி எறிந்து, பஞ்சைப் பிய்த்து, புதிதாக அடைத்து, வெண்ணெய் மாதிரி தைத்தேன். பாராட்டு வாங்கலாமே என்று மறுநாள் மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

வகுப்பில் நாற்பது பெண்பிள்ளைகள். மகள் கரும்பலகையில் "மார்பகப் புற்றுநோய்" என்று எழுதியதும் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாமல் கதவோரம் செருப்பைத் தேடினேன். அதற்குள் அவள் தலையணைகளைக் கொடுத்து, "மூணு விரலோட சதைப்பகுதியால மெதுவா வட்டமா அமுக்கிப் பாருங்க, உள்ள கட்டி இருக்கு, கண்டுபிடிங்க" என்றாள். பிள்ளைகள் தடவுகிறார்கள், தடவுகிறார்கள், பத்து நிமிஷமாகத் தடவுகிறார்கள். "ஒண்ணுமே இல்லையே சிஸ்டர்!" "எங்களுதுலயும் இல்ல!" மகள் ஒன்றை வாங்கி அமுக்கினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படியே உன் பார்வை அக்கா. உன் பரீட்சை நோட்டை நான் கிழித்த அன்று பார்த்தாயே, அதே.

"இருந்துச்சும்மா... நான்தான் எடுத்துட்டேன்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இவர் எங்கப்பா, மெத்தை தைக்கிறவர். விரல்ல கட்டி தட்டுப்பட்டா அவருக்குச் சோறு இறங்காது. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாரா? உங்க உடம்பு எப்பவும் எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. புதுசா ஏதாவது தட்டுப்பட்டா இவர மாதிரி உடனே எழுந்திருங்க. ஆனா நீங்களே வைத்தியம் பாக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க." கடைசி பெஞ்சில் ஒரு பெண், "வலிக்கவே இல்லேன்னா?" என்றாள். "வலிக்காட்டியும் காட்டணும். முக்காவாசி ஒண்ணும் இல்லாததாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணுமில்லேன்னு சொல்ல வேண்டியது டாக்டர், நாம இல்ல. சீக்கிரம் தெரிஞ்சா குணமாக்கறதும் சுலபம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பும் வழியில், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா. வெக்கப்படாதீங்கன்னு பாடம் நடத்தப் போறவ நான்!" என்றாள். அவளை நான் என்னவென்று திட்ட? போன மாதம் நீ என் மனைவியிடம், "பட்டாணி அளவுதான், வலிகூட இல்ல, தம்பிகிட்ட சொல்லிடாதே" என்றாயே, அன்று மெஷினில் நூல் அறுந்து சத்தம் நின்றிருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. கேட்காதவன் போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு தலையணைக்குப் பொறுக்காத எனக்கு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல ஒரு மாதம் ஆகியிருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிவிட்டவள் நீ.

அவசரமில்லை. உன் வேலையெல்லாம் முடித்து, சௌகரியப்பட்ட ஒரு நாளில் டாக்டரைப் பார். உன்னைக் கட்டாயப்படுத்த நான் யார்?

நீ குட்டிய இந்தத் தலையிலேயே உன் ஆசியும் என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நோட்டைக் கிழித்த உன் தம்பி

பின்குறிப்பு: அவசரமில்லை என்று எழுதியது சுத்தப் பொய். உறையில் தபால்தலை இல்லை, பார்த்தாயா? கதவுக்கு அடியில் தள்ளியது நான்தான். இன்று பதினோரு மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. நானும் நர்ஸம்மாவும் உன் வாசலில்தான் நிற்கிறோம். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திற அக்கா.