எட்டில் ஒரு பங்கு குறைந்த கை

ஹார்டிங் கவுண்டி,
தெற்கு டகோட்டா.
ஏப்ரல் 14.

டுலூத் பனிக்கரடிகள் அணியின் ஆள் தேர்வுத் தலைவர், மதிப்பிற்குரிய திரு. லொவெல் கின்கேட் அவர்களுக்கு, செம்மறி ஆடு வளர்க்கும் ஆர்லன் ஹாகன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி மார்வாவும் நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் அணி போன பருவத்தில் பதினேழு ஆட்டங்களில் பதினான்கில் தோற்றதை வானொலியில் கேட்டு மிகவும் வருந்தினோம். அந்த வருத்தத்தைப் போக்கத்தான் இந்தக் கடிதம்.

என் மகன் கோல்பியைப் பற்றி உங்கள் மேஜையில் ஒரு கோப்பு இருக்கும். கல்லூரி அணியில் நான்கு வருடம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தவன். ஏழு வயதில் உங்கள் அணியின் நீலத் தொப்பி ஒன்றைப் போட்டான். இன்று வரை தூங்கும்போதுதான் கழற்றுகிறான். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் இந்த மாதக் கடைசியில் நடக்கிறதே, அதில் நீங்கள் அவன் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்குக் குறுக்கே நிற்பது அவனுடைய வலது கை.

மார்ச் மாதம் உங்கள் ஆள் திரு. பெட்ரக்கா கல்லூரி மைதானத்துக்கு வந்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி பையனை நட, ஓடு, குனி, திரும்பு என்றார். எல்லாம் செய்தான். நாற்பது கஜம் ஓடியதை நிறுத்துகடிகாரத்தில் பார்த்துத் தலையாட்டினார். அறுபது கஜம் தள்ளி நின்றவனுக்குப் பந்தை எறிந்தான். அது நெஞ்சில் பட்டு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கும் தலையாட்டினார். பிறகு ஒரு மேஜையில் கையை விரித்து வைக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை டேப்பை வைத்தார். அதோடு தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். ஒன்பது அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறைகிறதாம். எண் சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பார்கள். உங்கள் அலுவலகத்தில் அந்த ஒரு சாண்தான் பிரதானம் போலிருக்கிறது.

“எங்க ஊரு குளிர்ல சின்னக் கையில பந்து வழுக்கிடும் சார்,” என்றார் பெட்ரக்கா.

“ஏன் சார், அப்பதான் பொறந்த ஆட்டுக்குட்டிய விடவா உங்க பந்து வழுக்கும்? பனி கொட்டுறப்ப அந்தக் கையாலதான் வருஷத்துக்கு நூறு குட்டி வெளிய எடுக்கறான். ஒண்ணாவது நழுவியிருக்கா?” என்றேன்.

“குட்டிய யாரும் அறுபது கஜம் எறியறதில்லையே சார்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் விடவில்லை. அடுத்த வாரம் குடும்பத்தைப் பார்க்கிறேன் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். மார்வா காபியும், ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற இனிப்பும் வைத்தாள். மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, “தம்பி, நீ ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகமா இருப்ப?” என்று கேட்டார். சிங்கம், சிறுத்தை என்று சொல்வதுதான் வழக்கமாம், எங்களுக்கு யார் சொன்னார்கள். கோல்பி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, செம்மறி ஆடு என்றான். பெட்ரக்கா ‘தலைமைப் பண்பு இல்லை’ என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். ஐயா, என் மந்தையின் முன்னால் போகும் கிழட்டு ஆட்டை ஒரு நாள் வந்து பாருங்கள். அது திரும்பினால் நானூற்றுப் பதினொன்றும் திரும்பும். பதினான்கு தோல்விக்குப் பிறகு உங்கள் அணியில் யார் திரும்பினால் யார் திரும்புகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்கு எதற்கு அந்த வம்பு.

பரம்பரை பார்க்க வேண்டும் என்று என் கையையும் அளந்தார், மார்வாவின் கையையும் அளந்தார். மார்வாவுக்கு ஒன்பதே கால் அங்குலம். மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அம்மா, நீங்க எப்பவாவது பந்து எறிஞ்சிருக்கீங்களா?” என்றார். “எறிவேன், நாலாவது துண்டு கேட்டா பை வச்ச தட்டையே எறிவேன்,” என்றாள் அவள். அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது கொஞ்சம் மனம் இளகி, “பாருங்க, ஒன்பது இருந்தா கடைசிச் சுற்றுல எடுத்துடுவோம். டிராஃப்டுக்கு முன்னால வளர்ந்துச்சுன்னா சொல்லுங்க,” என்றார். அந்த அவசரத்தில் டேப்பை மறந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. கையைத் தேய்த்து விரலை இழுத்தால் நீளும் என்று யாரோ சொல்ல, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நான் இழுத்தேன். முள்கம்பி வேலியை இழுத்துக் கட்டும் கருவியை ஒரு நாள் கொண்டுவந்தேன், “ஏங்க, அது பிள்ளையா, கம்பி வேலியா?” என்று கேட்டு மார்வா அதை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள், இன்னும் கிடைக்கவில்லை, வடக்கு வேலி தொய்ந்து கிடக்கிறது. பிறகு விரல்களுக்கு நடுவே துணி மாட்டும் மரக் கவ்விகளைச் செருகி அப்படியே தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். பாதிரியார் கைகுலுக்க வந்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு தேவாலயத்துப் பியானோவில் தினமும் எட்டுக் கட்டை எட்டிப் பிடிக்கச் சொன்னேன். இதுவரை இரண்டு சாவுக்கு அவன்தான் அங்கே வாசித்திருக்கிறான், நன்றாக இருந்தது என்கிறார்கள். பெரிய சோக்செர்ரி ஜாம் பாட்டிலை மேலிருந்து ஐந்து விரலாலும் கவ்விக்கொண்டு நடக்கச் சொன்னேன். நேற்று அது உடைந்தது. காலையில் அளந்தால் ஒரு மயிரிழை கூடும், சாயங்காலம் அளந்தால் இரண்டு மயிரிழை குறையும். சாண் ஏறினா முழம் சறுக்குதே, நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. கோல்பி மட்டும் சிரிக்கிறான். “அப்பா, இது வளரணும்னா பதினாலு வயசுலயே சொல்லியிருக்கணும்,” என்கிறான். ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை.

ஏப்ரல் எங்களுக்கு ஆடு ஈனும் மாதம். இருந்தும் கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவனைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. நானும் மார்வாவும்தான் மாரடிக்கிறோம்.

ஐயா, சொல்ல வந்தது இதுதான். இன்று காலை பெட்ரக்காவின் சொந்த டேப்பாலேயே அளந்தேன். சரியாக ஒன்பது அங்குலம். மார்வா சாட்சி. பைபிள் மேல் கைவைத்துச் சொல்கிறேன். உடனே பெட்ரக்காவை அனுப்பி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பை தயாராக இருக்கும்.

தங்கள் அணி வெற்றி பெறவும், தங்கள் வேலை தங்களிடமே இருக்கவும் நாங்கள் மூவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஆர்லன் ஹாகன்

பின்குறிப்பு, ஏப்ரல் கடைசி சனிக்கிழமை:

இந்தக் கடிதத்தைச் சாலை முனையில் உள்ள எங்கள் தபால் பெட்டியில் வைத்தவன், அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட மறந்துவிட்டேன். கொடி நிமிர்ந்திருந்தால்தான் தபால்காரர் வண்டியை நிறுத்துவார். பன்னிரண்டு நாளாகக் கடிதம் அங்கேயே கிடந்திருக்கிறது. நல்லதுதான். மேலே நான் சத்தியம் செய்த ஒன்பது அங்குலம், ஜாம் பாட்டில் உடைந்து வீங்கியிருந்த கையை அளந்தது. மூன்றே நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. மார்வா சாட்சி என்றதும் பொய். அவள் அந்த அறையிலேயே இல்லை.

இன்று மதியம் டிராஃப்டின் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆடு ஈன முடியாமல் விழுந்துவிட்டது. உள்ளே மூன்று குட்டி, கால்கள் பின்னிக்கொண்டு, முதல் குட்டியின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. என் கை மண்வெட்டி மாதிரி. மார்வாவின் ஒன்பதே கால் அங்குலக் கை மணிக்கட்டு வரைகூடப் போகவில்லை. மருத்துவர் இருப்பது எழுபது மைல் தள்ளி.

“ஏங்க, அந்த அளவெடுத்த கையக் கூப்பிடுங்க,” என்றாள் மார்வா.

கோல்பி வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டு மண்டியிட்டான். கை உள்ளே போனதும் அவன் பின்பாக்கெட்டில் போன் அடித்தது. நான் எடுத்தேன். பெட்ரக்கா.

“ஹாகன் சார், எங்க முறை வந்துடுச்சு, நாலு நிமிஷம்தான் இருக்கு. பையன்கிட்ட குடுங்க.”

“அவன் கை வேலையா இருக்கு சார்.”

“எந்தக் கை?”

“நீங்க அளந்த கைதான்.”

“எங்க இருக்கு?”

“உள்ள இருக்கு.”

“வீட்டுக்குள்ளயா?”

“ஆட்டுக்குள்ள.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வளர்ந்துச்சா? ஒன்பதுன்னா ஒன்பதுன்னு எழுதிக்கறேன். உங்க வார்த்தை போதும் எனக்கு,” என்றார்.

நான் கோல்பியைப் பார்த்தேன். கன்னத்தை ஆட்டின் விலாவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கால் எந்தக் குட்டியுடையது என்று தடவிக்கொண்டிருந்தான். “தலை கிடைச்சிருச்சுப்பா,” என்றான். “இன்னும் ஒரு நூல் பெருசா இருந்தா கை உள்ள திரும்பியிருக்காது. அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க.”

முதல் குட்டி வெளியே வந்து தும்மியது.

“எட்டில ஒரு பங்கு குறைச்சல்தான் சார்,” என்றேன். “கடவுள் புண்ணியம்.”

போன் வைக்கப்பட்டது. மூன்றும் பிழைத்துவிட்டன. கடைசிக் குட்டி நடுங்கியது. பக்கத்தில் துணி இல்லாததால் கோல்பி தலையிலிருந்த நீலத் தொப்பியைக் கழற்றி அதாலேயே துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

பெட்ரக்காவின் டேப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கடிதத்தை அனுப்பக் காரணம், தபால்தலை ஒட்டியாகிவிட்டது. நீங்கள் எடுத்த பையனுக்குக் கை பத்தே கால் அங்குலம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வாழ்த்துகள். நல்ல பையனாகத்தான் இருப்பான். ஆனால் என் கொட்டகைக்குள் மட்டும் அவனை விடமாட்டேன்.