அழகு பரிசீலனையில் உள்ளது

"மூணு வருஷமா ஒரே கேள்விதான் கேக்கறேன். ஆமான்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, இல்லன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. கேட்டா 'சுமார்'ங்கறாங்க. நான் என்ன மழையா, சுமாரா பெய்யறதுக்கு?"

எங்கள் வட்ட அலுவலகத்தின் ஏழாவது கவுண்டரில் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் கிழிவாய்க்காரி. குடியிருப்புச் சான்றுக்காக நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அந்தப் பேயின் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகக்கவசத்தோடு சந்து முனையில் நின்று, "நான் அழகா?" என்பாள். இல்லை என்றால் கத்தரிக்கோல். ஆமாம் என்றால் கவசத்தைக் கழற்றி, காதுவரை கிழிந்த வாயைக் காட்டி, "இப்பவும்?" என்பாள். 'சுமார்' என்றால் மட்டும் குழம்பிப் போவாள், அதற்குள் ஓடிவிடலாம். இதையே அலுவலகம் சுற்றறிக்கையாக்கி அட்டையில் செருகி வீடு வீடாக அனுப்பியது. நாங்களும் வழக்கம்போலப் படிக்காமலே, படித்ததாக ஆளுக்கொரு பெயர் முத்திரை குத்தி, பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டோம்.

"அந்தச் சுற்றறிக்கைய வாபஸ் வாங்குங்க தம்பி. யாராவது ஒருத்தர் நேரா பதில் சொன்னாத்தான் நான் அந்த முனைய விட்டுப் போக முடியும். நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு."

குமாஸ்தா உசாமி படிவத்தைப் புரட்டினார். "போன நிதியாண்டுல எத்தனை பேரை வெட்டினீங்க மேடம்?"

"ஒருத்தரையும் இல்ல. அதானே புகாரே."

"அப்போ திட்டம் வெற்றி. வெற்றித் திட்டத்தை வாபஸ் வாங்க விதியில்ல. யாராவது பாதிக்கப்பட்டிருந்தா, அவர் முத்திரையோட மனு கொடுக்கலாம்."

"வெட்டுப்பட்டவன் எப்படிய்யா முத்திரை குத்துவான்?"

"வாரிசு குத்தினாலும் செல்லும்."

அவள் கவசத்தைக் கழற்றினாள். உள்ளே கடைவாய்ப் பல் முழுக்கத் தெரிந்தது. "இப்ப சொல்லுய்யா. நான் அழகா?"

உசாமி நிமிர்ந்து பார்த்தார். "மேடம், கட்டடத்துக்குள்ள கவசம் கட்டாயம். மூக்கு மூடற மாதிரி போட்டுக்குங்க." பிறகு மேலதிகாரியை அழைத்துவந்தார். அவர் இடுப்பு ஒடியக் குனிந்து, "தங்கள் அழகு குறித்து உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும்" என்றார். குனிந்தபடியே உள்ளே போய்விட்டார்.

இந்த ஆட்களுக்கு முதுகெலும்பு எதற்கு, குனிவதற்கு மட்டும்தானா என்று பக்கத்திலிருந்த இஷிகுரோ அம்மாளிடம் முணுமுணுத்தேன். அவளும் பலமாகத் தலையாட்டினாள்.

அது கிழிவாய்க்காரியின் காதில் விழுந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க நியாயம் தெரிஞ்சவங்க. கத்தரிக்கோலை வாசல்ல குடைய வச்சுப் பூட்டற தாங்கியில பூட்டிட்டேன். இந்தாங்க சாவி, நீங்களே வச்சுக்குங்க. ஆமாவா, இல்லையா?"

வரிசையில் பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பேரும் கையிலிருந்த எண் சீட்டை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தோம். நீட்டிய சாவியை யாரும் வாங்கவில்லை.

"பொய்யாவது சொல்லுங்களேன்" என்றாள்.