ஓலேக்குப் பொம்பிளை பாத்த கதை

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டு. வைலே ரவுணுக்குப் போய்ப் பல்லிக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வரோணும்.

ஓம், பல்லிக்குத்தான். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடியுங்கோ. பிறகு நேரம் கிடைக்காது.

ஊரில சுவரில சும்மா ஓடித் திரிஞ்ச சாமானை இஞ்ச டென்மார்க்கில கண்ணாடிப் பெட்டி, லைற், செடி எல்லாம் வைச்சு வளக்கிறம். எல்லாம் என்ர மகள் ஷாமினிக்காக. அவளுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. இது கிறெஸ்ரட் கெக்கோ எண்டு ஒரு சாதி. கண்ணுக்கு மேல இமைமயிர் மாதிரி முள்ளு முள்ளா நிக்கும். தன்ர கண்ணைத் தானே நாக்கால நக்கித் துடைக்கும். ஷாமினி அதுக்கு வைச்ச பேர் ஓலே. எங்கட பக்கத்து வீட்டு டெனிஷ் கிழவனுக்கும் அதே பேர்தான். அதால சத்தம் போட்டுக் கூப்பிட ஏலாது.

அது ஊரில யுத்தம் முடிஞ்ச வருசம். மே மாசக் கடைசி. கிரின்ஸ்டெட்டில எங்கட வீட்டில ஒரு பக்கம் ரீவி, ஒரு பக்கம் கொம்பியூட்டர், நடுவில ரெலிபோன். வன்னியில இருந்த என்ர அக்கா குடும்பத்தைப் பற்றி மாசக்கணக்கா ஒரு சேதியும் இல்லை. முகாமில கண்டது எண்டு ஒருத்தர் சொன்னார். அது அவ இல்லை எண்டு இன்னொருத்தர் சொன்னார். நாங்கள் மூண்டு பேரும் வீட்டுக்குள்ள கதைக்கிறதையே விட்டிட்டம். ஷாமினி மட்டும் ஓலேயோட டெனிஷில கதைப்பாள்.

என்ர மனுசி ஜெனிதான் என்னை அனுப்பினது.

"இஞ்சாருங்கோ, உதின்ர சாப்பாட்டுத் தூள் முடிஞ்சு போச்சு. போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. இந்த வீட்டில அதாவது வயிறு நிறையச் சாப்பிடட்டும்."

சரியெண்டு காரை எடுத்துக்கொண்டு போனன்.

கடையில மூக்கில வளையம் போட்ட ஒரு டெனிஷ் பிள்ளை நிண்டது. தூளை எடுத்துத் தந்தாள். அதோட நான் திரும்பியிருக்கோணும். திரும்புற மனுசனெண்டா நான் ஏன் இதை எழுதுறன்!

காசு குடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒரு பெட்டி. உள்ள ஒரு கெக்கோ. ஆரோ வீடு மாறிப் போகேக்க கொண்டு வந்து விட்டிட்டுப் போச்சினமாம். அது என்னைப் பாத்துது. நீட்டு இமைமயிர். சின்ன வாய். அடக்கமான பார்வை.

எனக்கு உடன விளங்கிச்சு. பொம்பிளை!

ஓலேயும் தனிய, இதுவும் தனிய. எங்கட ஆக்கள் ஊரில இருந்து போட்டோவில பாத்து ஒஸ்லோவுக்கும் லண்டனுக்கும் பொம்பிளை எடுக்கினம். நான் நேரில பாத்து எடுத்தா என்ன?

"ஆணோ, பெண்ணோ?" எண்டு டெனிஷில கேட்டன்.

டெனிஷில ஹான் எண்டா அவன். ஹுன் எண்டா அவள். நான் பகல் முழுக்க மிசினுக்குப் பக்கத்தில காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிற மனுசன். அவள் ஏதோ ஒண்டு சொன்னாள். நான் இமைமயிரைப் பாத்தன். ஹுன் எண்டு கேட்டுது.

"ஆனா ஒரு பெட்டியில ஒண்டைத்தான் விடோணும். ரெண்டைச் சேத்து விட்டாக் கடிபடும்" எண்டாள்.

"யா யா!" எண்டன்.

இந்த நாட்டுக்கு வந்து நான் முதன்முதல் படிச்ச சொல்லு 'யா யா'. சொன்னது விளங்காட்டிலும் சொல்லலாம். விளங்கியும் அதின்படி செய்யிற எண்ணம் இல்லாட்டிலும் சொல்லலாம்.

திரும்பி வரேக்க கார் முழுக்க எனக்கு ஒரே யோசினை. பெத்த தாயைத் தனி வீட்டில விட்டிட்டு நத்தார்ப் பண்டிகைக்குப் பூவோட போய்ப் பாக்கிற டெனிஷ் சனம். பல்லியையும் தனியத்தான் வைக்கச் சொல்லும். நாங்கள் அப்பிடியோ? நாங்கள் ஒண்டா இருந்து கடிபடுற சாதி!

வீட்டில ஷாமினி பெட்டியைத் திறந்து பாத்தாள். முகம் சிவந்து போச்சு.

"ஃபார், ஏர் டு டும்?"

அப்பா, உங்களுக்கு மூளை இல்லையோ எண்டு அதுக்கு அர்த்தம். எங்கட வீட்டில அடிக்கடி கேக்கிற கேள்விதான்.

"பேர் மேரி. ஓலேக்குத் துணை" எண்டன்.

"அதுகளுக்குத் துணை தேவையில்லை! தனிய இருக்கிறதுதான் அதுகளுக்கு விருப்பம்!" இதுவும் டெனிஷில.

"எல்லாரும் கலியாணத்துக்கு முதல் அப்பிடித்தான் சொல்லுறது."

ஜெனி குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தா. "பல்லிக்குச் சாப்பாடு வாங்கச் சொன்னா, பல்லி வாங்கிக்கொண்டு வாறியளோ?" எண்டா. மேரியைத் தூக்கி ஓலேயின்ர பெட்டிக்குள்ள விட்டன்.

ஒண்டும் நடக்கேல்ல. ஓலே ஒரு மூலை, மேரி ஒரு மூலை. ஒண்டை ஒண்டு பாக்கவே இல்லை. "பாத்தியளோ, என்ன மரியாதை!" எண்டன்.

ஞாயிறு காலமை ஓலேயின்ர மூக்கில ஒரு கீறல். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு மேல மேரி படுத்திருக்கிறா. ஓலே கிட்ட வந்தா மேரி வாயைப் பிளந்து "க்யாக்" எண்டு குலைக்கிறா.

"ஃபார், பிரிச்சு விடுங்கோ" எண்டாள் ஷாமினி. கண் கலங்கியிருந்தது.

"புதுசாக் கலியாணம் கட்டினா முதல் நாள் அப்பிடித்தான். உங்கட அம்மாவும்..."

ஜெனி என்னைப் பாத்த பார்வையில மிச்சத்தை விழுங்கிட்டன். அதோட எனக்குப் பிரிச்சு விட நேரமும் இல்லை. அண்டைக்குப் பின்னேரம் எங்கட வீட்டில செபக் கூட்டம்.

இந்த இடத்தில எங்கட சபையைப் பற்றிச் சொல்லோணும். மொத்தச் சபையும் ஒரு மினி பஸ்ஸுக்குள்ள அடங்கும். அதுவும் ரெண்டாப் பிரிஞ்சு போய் இருந்தது. வேத வசனத்தில பிரச்சினை எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. கீபோட் ஆர் வாசிக்கிறது எண்டதில பிரச்சினை. பாஸ்டர் தன்ர மகன் எண்டார். டானியல் அண்ணை தன்ர மகள் எண்டார். டானியல் அண்ணை பாதிச் சனத்தோட வெளிய போய் வேற சபை தொடங்கிட்டார். கீபோட்டையும் கொண்டு போட்டார்.

ஊரில இவ்வளவும் நடந்த பிறகாவது ஒருநாள் ஒண்டா இருந்து செபிப்பம் எண்டு நான்தான் ரெண்டு பேரின்ர காலிலையும் விழுந்து சம்மதிக்க வைச்சனான். எனக்கு உள்ளுக்க ஒரு பெருமை. சேத்து வைக்கிறதில என்னை விட்டா ஆள் இல்லை!

ரெண்டு பகுதியும் வந்திச்சினம். ஒரு பகுதி சோஃபாவில, மற்றப் பகுதி சாப்பாட்டு மேசையடியில. வெளியில நல்ல வெயில். அமைதியா இருக்கட்டும் எண்டு நான் திரைச்சீலையை இழுத்து மூடினன்.

கெக்கோவுக்கு இருட்டினாத்தான் விடியும் எண்டது எனக்கு அப்ப ஞாபகம் வரேல்ல.

பாஸ்டர் தொடங்கினார். "சமாதானத்தின் ஆண்டவரே..."

பெட்டிக்குள்ள "க்யாக்!"

எல்லாரும் கண்ணை மூடியிருக்கினம். நான் ஒரு கண்ணைத் திறந்தன். மேரி ஓலேயின்ர பின்னங்காலைக் கவ்விக்கொண்டு உலுப்பிறா. ஓலே திரும்பி மேரியின்ர கழுத்தைக் கடிக்கிறான். செடி சரியுது.

மெதுவா எழும்பி, பெட்டிக் கதவைத் திறந்து, கையை விட்டன்.

மேரி பாய்ஞ்சா!

எங்க பாய்ஞ்சா? பாஸ்டரின்ர மொட்டைத் தலையில!

குளிர்ந்த நாலு கால் தலையில பட்டதும் மனுசன் கண்ணைத் திறக்கேல்ல. ரெண்டு கையையும் மேல தூக்கிப் பெருஞ் சத்தமா, "அல்லேலூயா! இறங்கிட்டார்!" எண்டார்.

சோஃபாப் பகுதி முழுக்க "அல்லேலூயா!" எண்டுது. டானியல் அண்ணை விடுவாரோ? அவர் அதைவிடச் சத்தமா, "இஞ்சையும் இறங்கும் ஆண்டவரே!" எண்டார். அங்க இறங்கிறதுக்கு ஓலே மட்டுந்தான் மிச்சம் இருந்தான்.

அவன் திரைச்சீலையில ஏறி ஓடினான். நான் எட்டிப் பிடிச்சன். பிடிச்சது வாலை.

வால் என்ர கையில நிண்டுது. ஓலே ஓடிட்டான்.

கையுக்குள்ள வால் துடிக்குது. நான் பயந்து உதறினன். அது டானியல் அண்ணையின்ர மனுசியின்ர மடியில விழுந்து ஆடுது. அவ வைச்ச கத்தல் வைலே வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் கண்ணைத் திறந்திச்சினம். பாஸ்டர் தலையைத் தடவிப் பாத்தார். பாவம், அவர் அந்த நேரம் சொன்ன சொல்லு வேதத்தில இல்லை.

ஷாமினி ஓடி வந்தாள். ஓலேயை ரெண்டு கையாலையும் பொத்தி எடுத்தாள். வால் இருந்த இடத்தைப் பாத்தாள். என்னைப் பேசேல்ல. நிலத்தில இருந்து விக்கி விக்கி அழத் தொடங்கினாள். அந்த மாசம் முழுக்க ரீவியைப் பாத்து அழாத பிள்ளை. எல்லாத்தையும் சேத்து அழுதமாதிரி இருந்துது.

அப்ப ரெலிபோன் அடிச்சுது.

நான் எடுத்தன்.

"ஹலோ... தம்பியோ?"

அக்கா!

ஜெனி என்ர முகத்தைப் பாத்திட்டுக் கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினா. ஷாமினியை மட்டும் அடக்க ஏலேல்ல.

"நாலு பேரும் இருக்கிறமடா. முகாமில. இது ஆரோ ஒளிச்சு வைச்சிருக்கிற போன். கெதியாக் கதை... ஏன் அங்க அழுறது கேக்குது? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லையக்கா. பல்லியின்ர வால் கழண்டு போச்சு."

லைன் வெட்டுப்பட்டுது எண்டு நினைச்சன்.

"என்ன?"

"பல்லியக்கா. வளக்கிற பல்லி. ரெண்டைச் சேத்து விட்டனான், கடிபட்டுப் போச்சு."

"பல்லி வளக்கிறியளோ?"

"ஓம்."

அங்கால ஒரு சத்தம். அழுறா எண்டுதான் நினைச்சன். இல்லை, சிரிக்கிறா. "இஞ்சாருங்கோப்பா, தம்பி டென்மார்க்கில பல்லி வளக்கிறானாம்!" எண்டு அத்தானுக்குச் சொல்லுறா. அத்தானும் சிரிக்கிறது கேக்குது.

பிறகு அக்கா சொன்னா: "டேய், இஞ்ச ஒரு கூடாரத்துக்குள்ள மூண்டு குடும்பம். நேற்றுத் தண்ணிக்கு நிக்கேக்க நானே ஒருத்தியின்ர கொண்டையைப் பிடிச்சனான். எங்களுக்கு வேற இடமில்லை. ஆளுக்கொரு அறை இருக்கிற நாட்டில இருந்துகொண்டு நீ ஏனடா அதுகளைப் பிடிச்சு ஒண்டா அடைச்சனீ?"

லைன் வெட்டுப்பட்டுது.

மாசக்கணக்காப் பாத்துக்கொண்டு இருந்த போன். காயம் ஏதும் பட்டதோ எண்டு கேக்கேல்ல. என்ன சாப்பிடுறியள் எண்டு கேக்கேல்ல. பல்லியைப் பற்றி விளக்கம் குடுத்து முடிச்சன்.

"நீங்கள் ஒரு மனுசனோ?" எண்டு ஜெனி கேட்டா. கேட்டுக்கொண்டே சிரிச்சா, பிறகு அழுதா. நானும் அப்பிடித்தான். ஷாமினி மட்டும் எழும்பி வந்து, "ஃபாஸ்டர் உயிரோட இருக்கிறாவோ?" எண்டு கேட்டாள். டெனிஷில ஃபாஸ்டர் எண்டா மாமி. ஓம் எண்டன். ஓலேயைப் பொத்தின கையோட என்னில சாஞ்சுகொண்டு நிண்டாள்.

அங்கால சண்டை தொடங்கிட்டுது.

"நான் செபிச்சுக்கொண்டு இருக்கேக்கதானே போன் வந்தது" எண்டார் பாஸ்டர்.

"இல்லைப் பாஸ்டர், நீங்கள் நிப்பாட்டின பிறகுதான் வந்தது" எண்டார் டானியல் அண்ணை.

தேத்தண்ணி குடிக்காமலே ரெண்டு பகுதியும் ரெண்டு கதவால போச்சினம். மேரியைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால பிடிச்சு, மூடியில ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் டப்பாவுக்குள்ள விட்டம்.

திங்கக்கிழமை வேலை முடிய நானும் ஷாமினியும் மேரியோட திரும்பவும் வைலே. அந்தப் பிள்ளை மேரியைப் பிரட்டி, வாலடியில புடைச்சிருந்த இடத்தைக் காட்டினாள். குழந்தைக்குச் சொல்லுறமாதிரி மெதுவா, "ஹா...ன்" எண்டாள். முந்தியே சொன்னனான்தானே எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. டெனிஷ் ஆக்கள் அப்பிடித்தான். சொல்லியிருந்தா நோகாது.

"வால் திரும்ப முளைக்குமோ?" எண்டு ஷாமினி கேட்டாள்.

"இந்தச் சாதிக்கு முளைக்காது. ஆனா வால் இல்லாமலும் நல்லா இருப்பான்."

ரெண்டாவது பெட்டி வாங்கினம். மேரியின்ர பேரை மாத்தேல்ல. ஆம்பிளை எண்டு தெரிஞ்ச பிறகும் மேரிதான். ஒரு அறையில ஓலே, மற்ற அறையில மேரி. ரெண்டும் நல்லாக் கொழுத்துப் போச்சு. சபையும் ரெண்டாத்தான் இருக்கு. அங்கையும் கொழுப்புக்குக் குறைவில்லை.

அக்கா முகாமால வெளிய வந்து எடுத்த போனில நான் கவனமா எல்லாத்தையும் கேட்டன். காயம், சாப்பாடு, அத்தான், பிள்ளையள். எல்லாத்துக்கும் ஒரு வரியில பதில் சொல்லிப்போட்டு, "அதை விடு, பல்லி எப்பிடி?" எண்டா.

ஷாமினி ரெண்டு பெட்டியிலையும் ஒவ்வொரு பேப்பர் ஒட்டியிருக்கிறாள். இவ்வளவு வருசமாச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கினதுக்கு, பிள்ளை தானா எழுதின முதல் தமிழ் வசனம்: "அப்பா இதைத் திறக்கக் கூடாது."